நிற்கிற சைக்கிளும் நகராத கவிதையும்

யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போனால் மூன்று விஷயம் தப்பாது: மங்கல விளக்கு, பிந்தி வரும் பிரதம விருந்தினர், "இந்தக் கவிதையில் காலம் உறைந்து நிற்கிறது" என்ற வசனம். முதல் இரண்டோடும் எனக்குச் சண்டையில்லை. போன வருடம் ஒரு மண்டபத்தில் ஒரே பேச்சாளர், ஒரே தொகுப்பில் இருந்த நான்கு கவிதைகளுக்கு மூன்றாவதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் ஒன்று கோயில் கேணியைப் பற்றியது. இன்னொன்று சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்பவர்களைப் பற்றியது. கேணியும் உறைந்தது, வரிசையும் உறைந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த அண்ணை என் காதுக்குள் கேட்டார்: "உறையிறதெண்டா ஐஸ்பழம் மாதிரியோ தம்பி?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேட்கவேண்டிய கேள்விதான். கேணித் தண்ணீர் அசையாமல் இருப்பதும், சாவடியில் ஒருவன் அடையாள அட்டையை நீட்டியபடி அசையாமல் நிற்பதும் ஒன்றா? நவீன கவிதையில் ஒன்றுமே நடக்காது என்று ஒரு பக்கம் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த மௌனம்தான் கவிதை என்று மறுபக்கம் உருகுகிறார்கள். இரண்டு பகுதியாரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். நகராமல் நிற்பதெல்லாம் ஒரே சாமான் என்று நினைக்கிறார்கள்.

## மூன்று சைக்கிள்

சைக்கிளில் இருந்து தொடங்குவோம், எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த வாகனம்.

முதலாவது சைக்கிள் சுவரில் சாத்தி இருக்கிறது. பூட்டுப் போட்டாயிற்று, ஆள் உள்ளே தேத்தண்ணி குடிக்கிறார். இதில் விசை எதுவும் இல்லை. இது வெறும் ஓய்வு. ஓய்வைப் பற்றிக் கவிதை எழுதலாம், ஆனால் நமக்கு இங்கே அதில் வேலையில்லை.

இரண்டாவது சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. ஏறி உழக்குகிறீர்கள். கால் சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது, பின்சில்லுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. பலம் முழுவதும் செலவாகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதுதான் முடக்கம். உள்ளே விசை இருக்கிறது, அது செயலாக மாறும் வழி அறுந்துபோயிற்று.

மூன்றாவது சைக்கிள் 1990களின் ஆரம்பத்தில் இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரி இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லை உழக்குவோம். டைனமோவின் தலை ரயரில் உரசும். அதிலிருந்து போகும் வயரில் றேடியோ பாடும். ஒருவர் உழக்க, ஏழெட்டுப் பேர் திண்ணையில் இருந்து பிபிசி தமிழோசை கேட்போம். உழக்குபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துப்போகும், உடனே யாராவது "விடு, நான் பிடிக்கிறன்" என்று எழும்புவார்கள். அந்தச் சைக்கிள் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் உலகம் அந்தத் திண்ணைக்கு வந்தது. இதற்கு நிச்சலனம் என்ற சொல்லை வைத்துக்கொள்வோம். நிற்கிறது, ஆனால் அந்த நிற்றலுக்குள்ளேயே ஒரு வேலை நடக்கிறது.

ஆக, ஓய்வில் விசை இல்லை. முடக்கத்தில் விசை உண்டு, வழி இல்லை. நிச்சலனத்தில் விசை ஒரு மையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெளியே நின்று பார்த்தால் மூன்றும் "நிற்கிற சைக்கிள்"தான்.

## வெண்ணெய்க்குக் காவல்

முடக்கத்தை நவீன கவிஞர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நான் வாசித்த முடக்கப் படிமங்களில் மிகக் கொடியது குறுந்தொகையின் 58ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் வெள்ளிவீதியார். வெயில் காய்கிற சூடான பாறை. அதன்மேல் ஒரு வெண்ணெய் உருண்டை. அதற்குக் காவல் ஒருவன், அவனுக்குக் கை இல்லை, வாய் பேசவும் வராது. "கையில் ஊமன் கண்ணின் காக்கும் வெண்ணெய்" என்கிறது பாட்டு. எடுத்து நிழலில் வைக்கக் கை வேண்டும், ஆளைக் கூப்பிடக் குரல் வேண்டும். அவனுக்கு மிச்சம் இருப்பது கண் மட்டும். அந்தக் கண்ணால்தான் உருகுவதை அவன் காவல் காக்கிறான்! தன் காதல் நோய் அந்த வெண்ணெய்போலப் பரவிவிட்டது என்று, இடித்துரைக்கும் நண்பர்களிடம் தலைவன் சொல்கிறான்.

அப்படியென்றால் நவீனத்துவத்தில் புதிதாக என்ன இருக்கிறது? முதலில் அந்தச் சொல்லை ஒருதரம் தெளிவாக்கிக்கொள்வோம். நவீனம் என்றால் இன்றைய காலத்துக்கு உரியது, அவ்வளவுதான். நவீனத்துவம் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1940கள் வரை நடந்த ஓர் இலக்கிய மாற்றம். பழைய உறுதிகள் ஆட்டம் கண்டதை, ஆட்டம் கண்ட வடிவத்திலேயே எழுதிப் பார்த்தது. தமிழில் அதன் அலை பிந்தித்தான் அடித்தது. 1959இல் சென்னையில் தொடங்கிய 'எழுத்து' சிற்றிதழ் அதற்கு ஒரு பெரிய வாசல். திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமு, பிற்காலத்தில் பிரமிள், அந்த வாசலால் உள்ளே போனவர்களில் ஒருவர்.

இப்போது வித்தியாசத்துக்கு வருவோம். வெள்ளிவீதியாரின் தலைவனுக்குத் தன் நோய் என்னவென்று தெரியும். பெயர் சொல்லுவான். நவீனத்துவக் கவிதையில் முடங்கிக் கிடப்பவனுக்குத் தன்னை முடக்கியது எது என்றே தெரியாது. கையும் இருக்கிறது, வாயும் இருக்கிறது, அப்படியும் வெண்ணெய் உருகுகிறது.

## படலைவரை போய்த் திரும்புகிறவர்

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஆங்கிலக் கவிஞர் ரி. எஸ். எலியட்டின் புரூஃப்ரொக் என்ற கவிதை. 1915இல் சிக்காகோவில் இருந்து வந்த ஒரு கவிதைச் சஞ்சிகையில் வெளியானது. தலைப்பில் அது ஒரு காதல் பாட்டு. முதல் வரியே "சரி, போவோம்" என்று அழைக்கிறது. ஆனால் அதில் பேசுகிற அந்த மனிதர், புரூஃப்ரொக், எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைக் கடைசிவரை பிடிக்க முடியாது. ஏதோ ஒரு பெரிய கேள்வி கேட்க வேண்டும் என்கிறார், அந்தக் கேள்வி என்னவென்று கவிதை சொல்வதேயில்லை. படிக்கட்டில் ஏறலாமா, திரும்பி இறங்கினால் பின்மண்டை வழுக்கையைப் பார்த்துவிடுவார்களா, தைரியமாக ஒரு பீச் பழம் சாப்பிடலாமா என்பதெல்லாம் அவருக்குப் பெரிய பிரச்சினை. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், பின்னேரம் வெளிக்கிட்டு அந்த வீட்டுப் படலைவரை சைக்கிளில் போய், பெல் அடிக்காமல் திரும்பி வருகிறவர். அடுத்த நாளும் போவார்.

தொடக்கத்திலேயே ஓர் உவமை வருகிறது. அந்திப் பொழுது, ஈதர் கொடுத்து மேசையில் கிடத்திய நோயாளியைப் போல வானத்தில் விரிந்து கிடக்கிறது. ஈதர் அந்தக் காலத்து மயக்க மருந்து. பல் பிடுங்க விறைப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இதில் ஒரு துளி விளங்கும். சொக்கை உங்களுடையதுதான், தொட்டுப் பார்த்தால் சூடும் இருக்கிறது, ஆனால் கட்டளை போய்ச் சேர்வதில்லை. அதை ஆள் முழுவதுக்கும் விரித்துப் பாருங்கள். பிறகு ஊர் முழுவதுக்கும், மாலை முழுவதுக்கும் விரித்துப் பாருங்கள். எலியட் மயக்க மருந்தை வானத்துக்கே கொடுத்துவிடுகிறார்!

இந்த இடத்தில் ஒரு பொதுவான தவறையும் தள்ளி வைக்க வேண்டும். முதலாம் உலகப் போர் மனிதரை முடக்கியது, அதனால் இப்படியான கவிதைகள் வந்தன என்று பாடக்குறிப்புகளில் வடிவாக எழுதியிருப்பார்கள். எலியட் புரூஃப்ரொக்கை 1911இலேயே எழுதி முடித்துவிட்டார். போர் தொடங்கியது 1914இல். போருக்குப் பின் வந்த பல கவிதைகளுக்கு அந்த விளக்கம் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. நகரம், அந்நியம், மரியாதைக்காக ஓயாமல் போடும் வேஷம், எதையும் செய்யும் முன்னே தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் மனம் ஆகியவை குண்டு விழும் முன்னரே மனிதரைக் கட்டிப்போட்டிருந்தன. 1914இல் வெளியான ஜேம்ஸ் ஜாய்ஸின் டப்ளின் கதைகளிலும் அதுதான். அங்கே முதற் கதையின் முதற் பத்தியிலேயே ஒரு சிறுவன் யன்னலைப் பார்த்து முடக்குவாதத்தைக் குறிக்கும் சொல்லை முணுமுணுக்கிறான்.

## நடந்துகொண்டே முடங்குவது

அசையாமல் இருந்தால்தான் முடக்கம் என்று இன்னொரு எண்ணம் இருக்கிறது. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் 'சிறுத்தை' என்ற கவிதை அதை உடைத்துவிடும். பாரிசில் உள்ள ஒரு மிருகக்காட்சிச் சாலையைப் பார்த்து எழுதிய சிறிய கவிதை, 1903இல் வெளிவந்தது. சிறுத்தை ஒரு கணமும் நிற்பதில்லை. கூட்டுக்குள் மிகச் சிறிய வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. கம்பிகளைத் தாண்டி உலகம் இருப்பதாக அதற்குத் தோன்றவில்லை. அந்த நடை, ஒரு மையத்தைச் சுற்றி ஆடும் வலிமையின் நடனம் போல இருக்கிறது, மையத்திலோ ஒரு பெரிய மனவலு மரத்துப்போய் நிற்கிறது என்கிறார் ரில்கே.

செயின் கழன்ற சைக்கிள்தான். கால் சுற்றுகிறது. ஆகவே ஒரு கவிதையில் ஆட்கள் ஓடுகிறார்களா, நடக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. அந்த அசைவு எங்காவது போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

## பம்பரம் உறங்கும்போது

எலியட் முடக்கத்திலேயே நின்றுவிடவில்லை. 1925இல் எழுதிய, வெற்று மனிதரைப் பற்றிய கவிதையில் அது இன்னும் இறுகுகிறது. முடங்கிய விசை, அசைவில்லாத சைகை என்று நேரடியாகவே எழுதுகிறார். ஆனால் 1936இல் வந்த இன்னொரு நீண்ட கவிதையில் சுழலும் உலகத்தின் அசையாப் புள்ளி ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் புள்ளியில்தான் நடனம் இருக்கிறது, அதைத் தரிப்பு என்று சொல்லிவிடாதே என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

பம்பரம் விட்ட எவருக்கும் இதில் தத்துவம் தேவையில்லை. நன்றாகச் சுழலும் பம்பரம் தள்ளாடாமல் ஒரே இடத்தில் நிற்கும். "உறங்குது" என்போம். தூரத்தில் நின்று பார்க்கிற பிள்ளை அது நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை வைக்கும், சூடு வாங்கும். வேகம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பம்பரம் உறங்கும், வேகம் குறையும்போது தள்ளாடும்.

ஒரே கவிஞர் இருபது சொச்ச வருடத்தில் விறைப்பு ஊசியில் இருந்து பம்பரத்துக்கு வந்திருக்கிறார். இரண்டுக்கும் "உறைந்த காலம்" என்று ஒரே முத்திரை குத்தினால் அந்த வருடங்களையெல்லாம் தூக்கி எறிந்த மாதிரி.

## எச்சத்தில் தொங்கவிடுவது

சரி, சொற்களால் ஆன கவிதை எப்படி நிற்கும்? சொல்லோ ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருப்பது. எலியட் அதைக் கேள்விகளாலும் ஒத்திப்போடுவதாலும் செய்தார். நேரம் இருக்கும், இன்னும் நேரம் இருக்கும் என்று திரும்பத் திரும்ப வரும். எதுவும் நடப்பதாக இல்லை, நடக்கப்போவதாகவே இருக்கும்.

தமிழில் இதற்கு வேறு கருவி கைக்குள்ளேயே கிடக்கிறது: வினைமுற்றும் வினையெச்சமும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 'போனான்' என்றால் செயல் முடிந்தது, அது முற்று. 'போய்' என்றால் அடுத்து ஏதோ வரவேண்டும், அது எச்சம். இப்போது இதைப் பாருங்கள்: "படலை திறந்து, முற்றம் கடந்து, திண்ணை ஏறி, கதவில் கை வைத்து". அவ்வளவுதான், நிறுத்திவிடுகிறேன். வாசிக்கிறவர் மனம் முற்றுக்காகக் காத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். அது முடக்கம். இன்னொன்று: "மாரிக் கிணறு. விளிம்புவரை வானம்." இங்கே வினையே இல்லை, ஆகவே எதிர்பார்ப்பும் இல்லை. மனம் வந்து அங்கேயே இருந்துவிடும். அது நிச்சலனம். (இரண்டும் உதாரணத்துக்காக நான் தட்டியவை, கவிதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இதைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். வினை இல்லாத வரியிலும் மூச்சு முட்டும். ஆனால் ஒரு கவிதை நகரவில்லை என்று தோன்றினால் முதலில் வினைகளைத் தேடிப் பார்ப்பது நல்லது.

## வேர்கொண்ட தேர்

இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து அளவெட்டிக்கு, மகாகவி என்ற கவிஞரிடம் போவோம். மகாகவி என்றால் இங்கே பாரதி அல்ல, து. உருத்திரமூர்த்தி. 1927 முதல் 1971 வரை வாழ்ந்தவர். யாப்பில் எழுதியதால் இவரை நவீனக் கணக்கில் சேர்க்கத் தயங்குவார்கள். யாப்புக்குள் பேச்சை இவ்வளவு லேசாக நடக்கவிட்ட ஒருவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

'தேரும் திங்களும்' கவிதையில் ஊர் கூடித் தேர் இழுக்கிறது. நாமும் வடம் பிடிப்போம் என்று ஒருவன் வருகிறான். அவனை மறிக்கிறார்கள். "நில்" என்கிறான் ஓர் ஆள், "நிறுத்து" என்கிறான் இன்னோர் ஆள். ஏவலுக்கு மேல் ஏவலாக அது "கொல்", "கொளுத்து" வரை போகிறது. கல் விழுகிறது, இரத்தம் தெறிக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் போக உரிமை கேட்டு 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்திய தலைமுறையின் கவிதை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேர் "வேர்கொண்டது போல் வெடுக்கென்று நின்றிட", உள்ளே இருக்கும் அன்னை "உட்கார்ந்திருந்துவிட்டாள் ஊமையாய்".

வினைகளைப் பாருங்கள். தேர் நின்றது என்று அவர் முடிக்கவில்லை. "நின்றிட" என்று எச்சத்தில் விட்டுவிடுகிறார். முற்று எங்கே விழுகிறது? உலகைப் படைத்த தாய் உட்கார்ந்திருந்துவிட்டதில். இந்தக் கட்டத்தில் முழுதாக முடிகிற ஒரே செயல், ஒன்றும் செய்யாமல் இருப்பது! "நில்" என்றது ஒரு மனிதனைப் பார்த்து. நின்றது தேர். ஊமையானது அம்மன். தலைப்பில் உள்ள திங்கள் கடைசியில் வருகிறது: முந்தநாள் நிலவைத் தொட்டு வந்த மனிதனின் சுற்றம் இங்கே மண்ணில் புரள்கிறது. நிலாவுக்குப் போக முடிந்த இனம் ஒரு தேரைத் தெருக்கோடிவரை கொண்டுபோக முடியாமல் கிடக்கிறது.

தேர்முட்டியில் நிற்கும் தேர் ஓய்வு. பாதி வீதியில் வேர்கொண்ட தேர் முடக்கம். புரூஃப்ரொக்குக்குத் தன்னை நிறுத்தியது யார் என்று தெரியாது. மகாகவிக்குத் தெரியும், அவர்கள் பேசிய சொல் வரை தெரியும். மேலை நாட்டு முடக்கத்தின் அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கவிதைகளில் வைக்கிறவர்கள் தவறுவது இங்கேதான். இங்கே பெரும்பாலும் மறித்தவனுக்கு முகம் இருக்கிறது.

## செத்துப்போன கடல்

1981இல் யாழ்ப்பாணம் எரிந்தது. பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழத்துக் கவிஞர் சேரனின் 'இரண்டாவது சூரிய உதயம்' அந்த நாட்களுக்குரிய கவிதை, 1983இல் அதே பெயரில் தொகுப்பும் வந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை, அலை எழாமல் கடல் செத்துப் போயிற்று என்று அது தொடங்குகிறது. எங்கள் ஆழமில்லாத கரைக்கடலைக் காற்று விழுந்த காலை வேளையில் பார்த்தவர்களுக்கு அது மிகை இல்லை. தகரத்தை விரித்துவிட்ட மாதிரிக் கிடக்கும். அதே காட்சியை வேறொரு நாளில் அமைதி என்றும் எழுதலாம். இங்கே அதற்குச் 'செத்துப் போயிற்று' என்ற வினை விழுந்ததும் அமைதி என்று வாசிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது.

பிறகு கவிதை திரும்பி நம்மைப் பார்த்துக் கேட்கிறது: கைகளைப் பின்புறம் இறுகக் கட்டி யாருக்காகக் காத்திருந்தீர்கள்? கட்டியது யார், பிறரா, நாமேயா? அந்தக் 'கட்டி'யும் ஓர் எச்சம். கடைசியில்தான் சாம்பல் பூத்த தெருக்களில் இருந்து எழுந்து வரும்படி அழைப்பு வருகிறது. அழைப்போடு கவிதை நின்றுவிடும், யாராவது எழுந்தார்களா என்று சொல்லாது.

உயர்தரம் படிக்கும் சில பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கவிதை வாசிப்பது என் வழக்கம். இந்த இடத்துக்கு வந்தபோது வெள்ளிவீதியாரை மறுபடி எடுத்தேன். அங்கே காவல்காரனுக்குக் கையே இல்லை, இங்கே கை இருந்தும் கட்டியிருக்கிறது, வித்தியாசத்தைப் பாருங்கள் என்று ஒரு சிறு பிரசங்கம் வைத்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தியது.

"சேர், அந்த ஊமனுக்குக் கால் இருக்குதுதானே? ஓடிப்போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வரலாமே?"

நான் பதில் தேடுவதற்குள் முன்வரிசையில் இருந்த பெடியன் திரும்பினான். "வாய் பேச வராது. போய் என்னெண்டு சொல்லுறது?"

"கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வரலாம்."

"கை இல்லையே!"

வகுப்பு சிரித்தது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "எண்டாலும் போய்ப் பாக்கலாம்," என்றது. "அதுக்குள்ள உருகிப்போடும்," என்றான் அவன்.